விடுதிக் களவும் புதியவன்மேற் செல்லும் ஐயமும்

மாணவர் பலர் ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்கிக் கல்வி பயிலும் இடந்தோறும் களவு நிகழ்ந்தே வந்துள்ளது. நாடு, மொழி, சமயம் என்னும் வேறுபாடு இதற்கில்லை. பேர்பெற்ற பழைய பல்கலைக்கழகங்களிலும் உண்டு. நேற்றுத் தொடங்கியவற்றிலும் உண்டு. ஆயினும் இதனைப் பற்றி எழுதுவார் அரியர். விடுதியின் நற்பெயர் கெடும் என்று அதிகாரிகள் வாளாவிருப்பர். பொருளிழந்த மாணவன் சில நாள் புலம்பிப் பின் மறப்பான். பெற்றோர்க்குச் செய்தி எட்டுவதேயில்லை. இங்ஙனம் எவராலும் பேசப்படாது போதலின், களவு நிகழுந்தோறும் அதனை முதன்முறையாகக் கண்டார் போலவே விடுதியார் திகைக்கின்றனர். அத்திகைப்பினிடையே செய்யத் தகாதனவும் செய்துவிடுகின்றனர்.

நமது கல்லூரியிலிருந்தும் மலையகத்தின் ஏனைய கல்லூரிகளிலிருந்தும் ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் புகும் மாணவருட் பலர் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோர். விடுதி வாழ்க்கை அவர்க்கு முற்றிலும் புதிது. ஆதலின் விடுதிக் களவு என்பது எத்தகையது, நாட்டின் சட்டம் அதனை எவ்வாறு நோக்குகின்றது, களவு நிகழ்ந்தவிடத்து ஐயம் யார்மேற் செல்கின்றது, அங்ஙனம் செல்லுதல் தகுமா என்பவற்றை ஈண்டு நோக்குவாம். இக்கட்டுரையாளன் வெளிவாரியாகப் பயின்று பட்டம் பெற்றவன். பல்கலைக்கழக விடுதியில் ஒரு நாளும் வாழ்ந்திலன். ஆகவே விடுதிகளின் உள்நிலை பற்றி ஈண்டுக் கூறுவன, சென்று மீண்ட மாணவர் பலர் பல்லாண்டுகளாக வந்து சொன்னவற்றைச் சார்ந்தவை.

நம் நாட்டிற் பல்கலைக்கழக விடுதி என்னும் அமைப்பு பேராதனையிலேயே வேரூன்றியது எனலாம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக இயக்கத்தைத் தொடங்கினர். 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1952இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. முதல் உபவேந்தராகிய சேர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜிற் கல்வி கற்றவர். மாணவர் ஓரிடத்தில் ஒருங்கு வாழ்ந்து பயிலும் பல்கலைக்கழகத்தையே அவர் பெரிதும் விரும்பினார். ஹந்தானை மலையடிவாரத்தில் எழுந்த மண்டபங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஜயதிலக, ஜேம்ஸ் பீரிஸ், மார்ஸ் முதலியோர் பெயர்கள் இடப்பட்டன. உடன்பிறந்தாராகிய தமிழ்ப் பெருமக்கள் இருவர் பெயரும் அங்கு ஒருங்கே நிலைபெற்றமை நமக்குப் பெருமை தருவது.

இத்தகைய விடுதி முறைக்கு நம்பிக்கையே அடித்தளம். கதவுக்குப் பூட்டு உண்டாயினும், உள்ளே வாழ்வோர் ஒருவரை யொருவர் நம்புவர் என்ற எண்ணத்தின் மேலேயே உணவறையும் குளியலறையும் வாசிப்பறையும் பொதுவாக அமைக்கப்படுகின்றன. முதற்காலத்தில் மாணவர் தொகை சிறிது. 1960களிற் சுயமொழிகளிற் கற்ற மாணவர் பெருந்தொகையினராகப் புகுந்த பின்னர், ஒருவர்க்கென எண்ணிய அறையில் இருவரும் மூவரும் தங்க நேர்ந்தது. ஒருவன் வாழும் அறைக்குத் திறவுகோல் ஒன்று; நால்வர் வாழும் அறைக்கு நான்கு. நான்கு திறவுகோல் உடைய பூட்டு எவரையும் காப்பதில்லை. மூவரையும் ஐயத்துக்கு உள்ளாக்குவதே அதன் பயன்.

பேராதனையின் அத்தொடக்க காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளை அங்குக் காண்டல் அரிதாயிருந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதன் பயனை எய்தவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கிற்று. அரசு தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்றது 1970களிலேயாம். ஆகவே விடுதியின் வழக்கங்களும், நகைச்சுவைகளும், யார் நம்பத் தக்கவர் என்னும் உணர்வும், நம்மவர் அங்கு இல்லாதபோதே உருவாகிவிட்டன. பிற்காலத்திற் சென்ற நம் பிள்ளைகள் ஏற்கெனவே குடியிருந்த வீட்டிற்குள் நுழைந்த விருந்தினரை ஒத்தனர்.

இனி, விடுதியிற் களவுபோவன யாவை என நோக்கின், அவை பெரும்பாலும் சிறியனவேயாம். கொடியிற் காயும் சட்டை, குளியலறையில் மறந்துவிட்ட சவர்க்காரம், வாசலிற் கழற்றிய செருப்பு, குடை, வாளி, பால்மாப் பொதி ஆகியவை நாள்தோறும் போவன. தலவாக்கலையிலிருந்தோ நானுஓயாவிலிருந்தோ செல்பவனுக்குக் குடையின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. அடுத்து வருவது பணம். மகாபொல உதவித்தொகை கைக்கு வந்த வாரத்திற் பணப்பைகள் காணாமற் போதல் மிகுதி என மாணவர் கூறுவர். இக்காலத்திற் கைத்தொலைபேசியும் மடிக்கணினியும் களவுக்குரிய தலையாய பொருள்களாயின. பரீட்சைக் காலத்திற் கணிப்பான்களும் போகும். விடுமுறையில் விடுதி வெறிதாய்க் கிடக்கும்போது வெளியார் புகுந்து எடுத்தலும் உண்டு. ஆயின் அதனைக் கண்டறிந்து தடுத்தல் எளிது. உள்ளாரே எடுக்குங் களவே இக்கட்டுரைக்குப் பொருள்.

விற்றாற் பத்து ரூபாயும் பெறாத குறிப்பேடு பரீட்சைக்கு முந்திய வாரத்தில் மறைதலும் உண்டு. இதனைச் சிறு களவு என ஒதுக்குவாரோடு நாம் உடன்படோம். மூன்றாண்டு உழைப்பு அதனுள் இருக்கின்றது. கைத்தொலைபேசியை மீண்டும் வாங்கலாம். தன் கையெழுத்தால் எழுதிய குறிப்பை வாங்குதல் யாங்ஙனம்? எடுத்தவனும் அதனைப் படிக்கும் பொருட்டே எடுத்தான் என்பதில்லை. பிறன் படியாதிருத்தற்கு எடுத்தாரும் உளர். நூலகப் புத்தகத்திலே பாடத்துக்குரிய பக்கங்களை மட்டும் கத்தியால் வெட்டிச் செல்லும் வழக்கமும் இதனோடொத்தது. அதனைச் செய்தவன் தன்னைக் கள்வன் என எண்ணுவதேயில்லை. மாணவர் வழக்கிற் களவு என்ற சொல்லே அருகி, ‘சுட்டுவிட்டான்’, ‘அடித்துவிட்டான்’ என்னும் விளையாட்டுச் சொற்களே வழங்குகின்றன. பெயர் மாறியவழிக் குற்றமும் இளைத்துப் போனதாக ஒரு மயக்கம் உண்டாகின்றது.

சட்டத்திற்கு அம்மயக்கம் இல்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி அமைந்தது. அவ்விந்தியச் சட்டத்தின் முதல் வரைவை ஆக்கியவர் மெக்காலே பிரபு. நமது கோவையின் 366ஆம் பிரிவு களவை வரையறுக்கின்றது. பிறர்வசம் உள்ள அசையும் பொருளை, அவர் இசைவின்றி, நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்ளும் கருத்தோடு இடம்பெயர்த்தலே களவு என்பது அதன் சாரம். பொருள் விடுதியை விட்டுப் போயிருத்தல் வேண்டும் என்பதில்லை. விற்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பதுமில்லை. அக்கருத்தோடு மேசையினின்று எடுத்துச் சட்டைப்பையில் இட்ட அளவிலேயே குற்றம் முற்றுப்பெறும். மக்கள் வாழும் கட்டடத்தினுள் நிகழும் களவை அச்சட்டக் கோவை வேறுபிரித்து, வெறுங் களவினுங் கூடிய தண்டனை விதிக்கின்றது. களவுப் பொருள் என அறிந்தும் மலிவாக வாங்குபவனும் குற்றவாளியே. விடுதியிற் பாதி விலைக்குக் கைத்தொலைபேசி வாங்க முந்துவோர் இதனை அறிதல் நன்று.

அப்பிரிவின்கீழ்த் தரப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று விடுதி வாழ்வார்க்கென்றே எழுதியதுபோல் அமைந்துள்ளது. ஒருவன் தன் நண்பன் இல்லாதபோது அவன் நூலகத்துட் சென்று, வாசித்துவிட்டுத் திருப்பித் தரும் எண்ணத்தோடு ஒரு நூலை எடுத்துச் செல்கின்றான். வாய்திறந்து இசைவு கேட்டிலன். ஆயினும், நண்பன் இசைவான் என்று உண்மையாகவே அவன் கருதியிருப்பின் அது களவன்று என்கின்றது சட்டம். இந்நுட்பம் பாராட்டத்தக்கது. இரவலுக்கும் களவுக்கும் இடையே உள்ள எல்லை எடுத்தவன் நெஞ்சிலேயே கிடக்கின்றது. அந்நெஞ்சைப் பிறர் எங்ஙனம் காண்பர் என்பதே வில்லங்கம்.

இவ்வெல்லை தோட்டத்து மாணவனுக்கு மற்றையோரிலும் மிகுதியாக இடர் விளைப்பது. லயத்து வாழ்க்கையை அறிந்தார்க்கு இதன் காரணம் விளங்கும். ஓரறையும் ஓர் இஸ்தோப்புமாகத் தொடர்ந்து நிற்கும் காம்பராக்களிலே ஒரு வீட்டு அடுப்பின் ஓசை அடுத்த வீட்டிற் கேட்கும். உப்பும் மிளகாயும் கைமாற்றாகச் செல்லும், மழை பெய்யுங்கால் வாசலிற் கிடக்கும் குடையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடியவன் திரும்பி வந்து அங்கேயே வைப்பான், எவரும் வினவார். கொழுந்து நிறுக்கும் இடத்திற் கணக்கு எத்துணைக் கண்டிப்போ, லயத்தினுள்ளே கணக்கு அத்துணைத் தளர்ச்சி. இவ்வழக்கத்தோடு வளர்ந்த பிள்ளை விடுதியில் அறைத்தோழனுடைய குடையை எடுத்துச் செல்லுமாயின், சட்டத்தின் எடுத்துக்காட்டின்படி அது களவன்று. அறைத்தோழனோ கொழும்பில் வேலியிட்ட வீட்டிலே தனியறையில் வளர்ந்தவனாயின், அவன் கண்ணுக்கு அது வேறாகத் தோன்றும். இருவரும் நேர்மையாளரே. எனினும் அன்று மாலையே ஒரு சொல் பிறந்துவிடுகின்றது. அது பின்னொரு நாள் உண்மையான களவு நிகழும்போது நினைவுக்கு வருகின்றது.

களவு செய்வார் யாவர்? வறியவரே செய்வர் என்பது பொதுவாக எவரும் ஆராயாது ஒப்புக்கொள்ளும் விடை. மாணவர் வாயிலாக நாம் அறிந்த அளவிற் கையும் களவுமாக அகப்பட்டோர் மிக வறியவராயிருந்தமை குறைவு. பிறர்போல் உடுக்கவும் செலவிடவும் அவாவியோர், சூதிற் கடன்பட்டோர், ஒருவன்மேற் கொண்ட பகையைத் தீர்க்க அவன் பொருளை மறைத்தோர் ஆகியோரே மிகுதி. தேவையின்றியே, விற்கும் எண்ணமுமின்றியே, அடக்கொணா உந்தலால் எடுக்கும் ஒரு மனநோயும் உண்டு; மருத்துவர் அதனைக் கிளெப்டோமேனியா என்பர். அது மிக அரிதானது. ஆயின் அத்தகையோர்க்கு வேண்டுவது மருத்துவம். திருவள்ளுவர் கள்ளாமை என்னும் இருபத்தொன்பதாம் அதிகாரத்தை இல்லறவியலில் வையாது துறவறவியலில் வைத்தார். பிறன்பொருளை விரும்பாமையாகிய வெஃகாமையை மட்டும் இல்லறத்தார்க்கு ஓதினார். முற்றத் துறந்தானுக்கும் களவெண்ணம் வரக்கூடும் என அவர் கருதினார் போலும். அவ்வாறாயின், களவு வறுமையின் பிள்ளை என்று கூறுதல் பொருந்துமா?

வறிய மாணவன் தன்மேற் பல கண்கள் இருப்பதை நன்கு அறிவான். அவன் களவுக்கு அஞ்சுவதிலும் மிகுதியாகக் களவுப் பெயருக்கு அஞ்சுகின்றான். ஒரு கணக்கைக் காட்டுவோம். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன்படி 54,000 ரூபாய் பெறுமதியான கைத்தொலைபேசி ஒன்று நாற்பது நாட் கூலியாகும். அதுவும் அந்நாற்பது நாளும் வீட்டார் உண்ணாதிருந்தால். தாய் சீட்டுக் கட்டி, தந்தை கடன்பட்டு, அண்ணன் கொழும்புக் கடையில் நின்று அனுப்பிய பணமும் சேர்த்து வாங்கிக் கொடுத்த அப்பொருள் களவு போயின் மகன் வீட்டிற்குச் சொல்லவே மாட்டான். அப்பொருள் அவனிடம் இருப்பினும் ஒரு துன்பம் உண்டு. இவனுக்கு இத்தகைய தொலைபேசி எங்கிருந்து வந்தது என்று வினவுவார் இருப்பர்.

நம்மிடம் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஒருவன் கூறியதை ஈண்டுச் சொல்லுதல் பொருந்தும். விடுதியின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டா. நால்வர் வாழ்ந்த அறையில் ஒருவனுடைய பன்னீராயிரம் ரூபாய் காணப்படவில்லை. எவரும் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. எல்லார் பெட்டிகளையும் பார்த்துவிடுவோம் என்று ஒருவன் சொன்னான், யாவரும் உடன்பட்டனர். நம் மாணவனுடைய பெட்டியே முதலில் திறக்கப்பட்டது. உள்ளே தாய் மடித்துவைத்த கம்பளியும், இரண்டு சட்டைகளும், ஒரு போத்தல் ஊறுகாயும் இருந்தன. அவனது பெட்டியைத் துழாவிய பின்னர், மற்றைப் பெட்டிகளைத் திறக்க வேண்டும் என்ற விருப்பம் எவருக்கும் இருக்கவில்லை. ‘சரி, விடுங்கள்’ என்று கலைந்துவிட்டனர். இரண்டு வாரங்களின் பின் அப்பணம் உரியவனுடைய தடித்த நூலொன்றின் நடுவே கிடந்தது. அவன் அதனை மற்றை இருவருக்கும் சொன்னான். நம் மாணவன் அவர்கள் வாயிலாகவே அறிந்தான். ‘ஐயா, அவர்கள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் மறுமொழி சொல்லியிருப்பேன்’ என்றான். அடுத்த தவணையில் அவன் விடுதியை விட்டு வெளியே வாடகை அறையொன்றிற்குச் சென்றுவிட்டான். அவ்வாடகை வீட்டாருக்குப் பெருஞ்சுமையாயிற்று.

தமிழர்க்கு இக்கதை புதியதன்று. சிலப்பதிகாரத்தின் திருப்பமே களவு ஐயத்தின்மேல் நிற்கின்றது. கோவலன் மதுரைக்குப் புதியவன்; பொருளிழந்தவன்; அவன் கையிலோ அரசி அணியத்தக்க சிலம்பு ஒன்று. உண்மையிற் கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன் அரண்மனையோடு பழகிய பொற்கொல்லன். ஐயம் பழகியவன்மேற் செல்லவில்லை, வழிப்போக்கன்மேற் சென்றது. ஊடிய தேவியைத் தெளிவிக்க விரைந்த பாண்டியன், வினவுதற்கு நேரமின்றி ஆணையிட்டான். காவலர் சென்று கோவலனைக் கண்டு, இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்று எனத் தயங்கினர் என்கிறார் இளங்கோவடிகள். அப்போது பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டினைக் கள்வர்க்குத் துணையாக எண்ணிக்காட்டி, களவு பற்றி ஒரு விரிவுரையே நிகழ்த்துகின்றான். நல்லவன்போல் தோன்றலே கள்வன் திறமை என்பது அவ்விரிவுரையின் கருத்து. இதற்கு மறுமொழி யாது? தீயவனாகத் தோன்றினும் கள்வன். நல்லவனாகத் தோன்றினும் கள்வன். ஐயப்பட்டவன் தப்ப வழியில்லை. முடிவிற் கல்லாத காவலன் ஒருவன் வாளை எறிந்தான்.

ஆசிரியர்கள் மாணவர்க்கு இப்பகுதியைக் கற்பிக்குங்கால் ஊழ்வினையைப் பற்றிப் பெரிதும் பேசுகின்றோம். ஊழ்வினை இருக்கட்டும். பின்னர் அரசவையிற் கண்ணகி சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பிலோ உள்ளிடு பரல் முத்து. வழக்கு நொடிப்பொழுதில் முடிந்தது. உன் சிலம்பின் பரல் யாது என்னும் ஒரு வினாவை முன்னரே வினவியிருந்தால் மதுரை எரிந்திராது. வினவாமைக்குக் காரணம் வினா அரிதாயிருந்தமையன்று. விடை முன்னரே தெரியும் என அனைவரும் எண்ணியமையே.

விடுதிகளிற் கள்வனைக் கண்டறியக் கையாளப்படும் முறைகள் சிலவற்றைக் கேட்டால் நகையும் வருத்தமும் ஒருங்கே எழும். கோயில் வாசலிற் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்விப்பர். வெற்றிலையில் மை பார்ப்பர். மந்திரித்த அரிசியை மெல்லச் செய்து, எவன் வாயில் அரிசி உலர்ந்து நிற்கின்றதோ அவனே கள்வன் என்பர். இவ்வரிசிச் சோதனை பழமையானது. வடமொழித் தரும நூல்களில் இது ‘தண்டுலம்’ என்னும் பெயரால் திவ்வியங்களுள் ஒன்றாக, களவு ஐயத்துக்கு உரியதாகக் கூறப்பட்டுள்ளது. அச்சத்தால் வாய் உலரும் என்பது உண்மையே. ஆயின், செய்யாத குற்றத்துக்குப் பலர் நடுவே நிறுத்தப்பட்டவன் வாயும் உலரும். கற்பூரச் சத்தியத்தில் தெய்வ அச்சம் உள்ளவன் கை நடுங்குவான். அவ்வச்சம் இல்லாதவன் தயங்காது கற்பூரத்தை அணைப்பான். நாம் சைவர், தெய்வத்தை மறுப்பவரல்லோம். எனினும் தெய்வத்தைப் பொலிஸ் வேலைக்கு அமர்த்துதல் பத்தியாகாது.

மூத்த மாணவர் கூடி ஐயத்துக்குரியவனை அறையில் அடைத்து அச்சுறுத்தி ஒப்புதல் பெறுதல் இவற்றினுங் கொடிது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையை மட்டும் தடுப்பதன்று. கல்வி நிலையங்களில் நிகழும் ஏனைய வன்முறைகளையும் தடுப்பது. மாணவன் ஒருவனைத் தடுத்து வைத்தலும் அச்சுறுத்தலும் அதன்படி குற்றம். களவு கண்டுபிடிக்கப் புகுந்தவர் களவாளியினும் பெரிய குற்றவாளி ஆதல் இவ்வாறு நேரும். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமும் நோக்கத்தக்கது. அதிகாரத்தில் உள்ளவர் அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ பெற்ற ஒப்புதலைக் குற்ற வழக்கில் எதிரிக்கு மாறாக நீதிமன்றம் ஏலாது. நூறாண்டுகளுக்கு முன்பே சட்டம் கற்றவர் இங்ஙனம் அஞ்சி வரையறை செய்தனர். பல்கலைக்கழகத்துட் சட்டம் கற்போரும் வாழும் விடுதியில் அவ்வரையறை மதிக்கப்படாமை வியப்பே.

தண்டனையைக் கடுமையாக்கினால் களவு ஒழியும் என்பாரும் உளர். அமெரிக்காவில் வர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணவர் 1842இலிருந்து ‘மானமுறை’ எனத்தக்க ஓர் ஒழுங்கைத் தாமே நடத்தி வருகின்றனர். பொய், பரீட்சை மோசடி, களவு என்னும் மூன்றும் அதன்படி பெருங்குற்றங்கள். நெடுங்காலமாக அவற்றுக்கு ஒரே தண்டனை, நிரந்தர வெளியேற்றம். 2022ஆம் ஆண்டில் அம்மாணவரே வாக்களித்து அவ்வொரே தண்டனையை நீக்கி, குறித்த காலம் விலகியிருத்தலை அதனிடத்து வைத்தனர். தண்டனை ஒன்றே, அதுவும் வாழ்வையே அழிப்பது என்னும் நிலையில், கண்டவன் சொல்லத் தயங்குவான். விசாரிப்பவனும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கத் தயங்குவான். நம் விடுதிகளிலும் அவ்வாறே. ஒரு சட்டைக்காக ஒருவன் பட்டத்தை இழப்பானோ என்னும் இரக்கத்தால் நல்லவர் வாய்மூடுகின்றனர். முறையான வழி அடைபட்டபின் முறைகேடான வழி திறக்கின்றது.

விடுதியை நடத்துவார்க்குச் செய்யத்தக்கன சில உள. காணாமற்போன பொருள்களுக்கு ஒரு பதிவேடு வைத்தல் மிகச் சிறிய செயல். ஆயின் அது பெரும்பயன் தரும். எப்பொருள், எங்கு, எந்நேரத்தில் கடைசியாகக் காணப்பட்டது என்று உரியவனே தன் கையால் எழுதவேண்டும் என்றால், பாதிப் பொருள்கள் எழுதுமுன்னரே நினைவுக்கு வந்துவிடும். எவர்மேல் ஐயம் என்னும் கூறு அப்பதிவேட்டில் இருத்தலாகாது. பெட்டிகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற நிலை வரின், வார்டன் முன்னிலையில், உடையவன் இசைவோடு, எல்லாப் பெட்டிகளையும் இறுதிவரை பார்த்தல் வேண்டும். பொருளிழந்தவன் பெட்டியை முதலிலே திறத்தல் வேண்டும். மேலே சொன்ன பன்னீராயிரம் ரூபாய் உரியவனுடைய நூல்களை முதலில் உதறியிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். பெறுமதியான பொருளாயின் பொலிஸில் முறையிடுதலே முறை. பொலிஸ் வருதல் இழிவு என எண்ணும் விடுதி, தன் மாணவரைத் தானே விசாரித்துத் தண்டிக்கும் இழிவை ஏற்றுக்கொள்கின்றது. அறைதோறும் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பூட்டுடைய அலுமாரி தருதல் நூறு அறிவுரைகளுக்கு ஈடாகும். பணமில்லை என்பர், விழாக்களுக்கு இருக்கின்றது.

பொருள் கிடைத்தபின் செய்யவேண்டியதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சிலப்பதிகாரத்திலேயே, கோவலன் கதையோடு ஒப்பவைத்துப் பார்க்கவேண்டிய வேறொரு கதை உண்டு. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைப்பது அது. திருத்தங்காலில் வாழ்ந்த வார்த்திகன் என்னும் அந்தணனின் சிறுவன் தக்கிணாமூர்த்தி, வேதம் பிழையின்றி ஓதியமைக்காகப் பராசரன் என்பான் அவனுக்கு அணிகலன்களைப் பரிசாக அளித்தான். எளிய வீட்டிலே திடீரெனப் பொன் மின்னுவதைக் கண்ட அரச ஊழியர், அரசுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் விழுந்து அழுதாள். கொற்றவை கோயிற் கதவம் திறவாது நின்றது. செய்தி அறிந்த பாண்டியன் விசாரித்து உண்மை உணர்ந்து, வார்த்திகனை விடுவித்தான். அவன் முன் நிலத்தில் வீழ்ந்து பிழைபொறுக்க வேண்டினான். திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். அதன்பின்னரே கதவம் திறந்தது.

இரு கதைகளிலும் ஐயம் ஒன்றே. பாண்டியர் குடியும் ஒன்றே. ஓரிடத்தில் வினவுமுன் வாள் எறியப்பட்டது. மற்றோரிடத்தில் வினவித் தெளிந்தபின் அரசன் எல்லோரும் காண நிலத்தில் வீழ்ந்தான். எல்லோரும் காண என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறந்தபோது கூடிநின்றோர் எத்தனைபேரோ அத்தனைபேர் முன்னிலையிலேயே பொருள் கிடைத்தமை சொல்லப்படவேண்டும். விடுதி அறிவிப்புப் பலகையில் எழுதுதல் இன்னும் நன்று. நம் மாணவனுக்கு அவ்வறைத்தோழர் மூவரும் இவ்வளவேனும் செய்திருந்தால் அவன் அவ்வறையை விட்டுப் போயிரான் என்றே நாம் கருதுகின்றோம்.

இவ்வாண்டு விடுதி புகும் நம் மாணவர்க்கு நடைமுறைக்குரிய சில. லயத்து வழக்கம் நல்ல வழக்கமே. ஆயினும் அறைத்தோழனுடைய வழக்கம் தெரியும்வரை வாளியாயினும் கேட்டே எடுக்க. குறிப்பேடுகளை வாரந்தோறும் படம்பிடித்து வேறோரிடத்திற் சேமிக்க. பணத்தை வங்கியில் வைத்து வேண்டியபோது வேண்டிய அளவே எடுக்க. ஆமைப்பூட்டு ஒன்றைப் புறப்படுமுன்னரே ஹற்றனிலோ நுவரெலியாவிலோ வாங்கிக்கொள்க; பல்கலைக்கழக வாயிற் கடைகளில் தவணைத் தொடக்கத்தில் விலை கூடும். கைத்தொலைபேசியில் *#06# என அழுத்தினால் அதற்கேயுரிய பதினைந்து இலக்க எண் தோன்றும். அதனை எழுதி வீட்டிலே வைத்துச் செல்க. களவு போயிற்று என்று பொலிஸில் முறையிடும்போது அவ்வெண்ணே வேண்டப்படும். வாங்கிய கடையின் பற்றுச்சீட்டை எறிந்துவிடாது பேணுக. பொருள் போனபோது மட்டுமன்றி, பொருள் எங்கிருந்து வந்தது என எவரேனும் வினவும்போதும் அது பயன்படும். பற்றுச்சீட்டிற் கடைக்காரர் பெரும்பாலும் பெயரின்றி எழுதிவிடுவர். மாணவன் பெயரை முழுமையாக எழுதித் தரும்படி கேட்டு வாங்குதல் வேண்டும்.